ஈவு

சித்ரா என்பது ஊர்.
பஹ்ரைனில், வெள்ளை வெள்ளையாய் எண்ணெய்த் தொட்டிகள்
கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கரை.
"யாரு அந்தச் சித்ரா?" என்று
முதல் மாதம் ஜெபமாலை போனில் சண்டை போட்டாள்.

கேட்டில் லோக் பகதூர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்,
ஆனால் கம்பி விலகுவது எண்ணுக்கு.
ஆறு இரண்டு ஆறு ஒன்று ஐந்து ஐந்து மூன்று மூன்று.
ஆறு கோடியே இருபத்தாறு லட்சத்துப் பதினையாயிரத்து
ஐந்நூற்று முப்பத்து மூன்று.
நானூறு பேர் வேலை செய்யும் யார்டில்
எதற்கு இத்தனை கோடி என்று யாருக்கும் தெரியாது.

ஆடி வெயிலில் பன்னிரண்டிலிருந்து நாலு வரை
சாரத்தில் ஏறக்கூடாது, சட்டம்.
தண்ணீர்ப் பாட்டில் அட்டைப்பெட்டியைக் கிழித்து
பாஸில் இருந்த எண்ணை மேலே எழுதினேன்.
ஒற்றைப்படை. இரண்டு போயிற்று.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று. மூன்றும் போயிற்று.
ஏழால் வகுத்தேன், மீதி ஒன்று.
ஒரே ஒன்று!
அந்த ஒன்று இரவு முழுக்க ஏசிக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது.
பதினொன்றுக்கு மீதி இரண்டு,
பதின்மூன்றுக்கு ஆறு,
பதினேழுக்குப் பதினொன்று.
சம்பளத்தில் நிற்காத மீதியெல்லாம்
இங்கே வந்து நின்றது.

"போன்ல தட்டுனா ஒரு நொடி" என்றான் மீரான்.
ஒரு நொடியில் முடிந்துவிட்டால்
மிச்ச நாலு மணி நேரத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

எட்டாயிரத்தின் வர்க்கம் ஆறு கோடியே நாற்பது லட்சம்,
ஆகவே எட்டாயிரத்தைத் தாண்ட வேண்டாம்.
அதற்குள் பகா எண்கள் ஆயிரத்தேழு.
அவற்றைச் சலித்தெடுக்கவே ஒரு கோடை ஆனது.
அடுத்த கோடையில் வகுத்தேன்.
நூறு தாண்டியபோது எரிச்சல்.
ஐந்நூறு தாண்டியபோது, சொல்ல வெட்கம்தான், கர்வம்.
ஈவு இரக்கம் இல்லாத எண் என்னுடையது,
எவனும் இதைப் பங்கு போட முடியாது என்று
கேட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது,
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.
மீதி நூற்றெட்டு.
அடுத்தது, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.

சைபர்.

மறுபடி போட்டேன். சைபர்.
வேர்வை விழுந்து அழிந்த இலக்கத்தைத் திருத்தி
மறுபடியும்.
ஈவு, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது.
அதுவும் பகா எண். என் பட்டியலில் அடுத்த வரியிலேயே இருந்தது.
இரண்டுக்கும் நடுவே வேறு யாரும் கிடையாது,
அடுத்தடுத்த கட்டில்.

"உடைஞ்சிருச்சு ஜெபமாலை, ரெண்டா உடைஞ்சிருச்சு!"
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு அழுகை. பிறகு
"எந்தக் கை?"
சாரத்திலிருந்து நான் விழவில்லை,
உடைந்தது வெறும் எண் என்று புரியவைக்க
ரீசார்ஜில் பாதி போனது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:
"மீதி எவ்வளவு?"
"மீதியே இல்ல."
"அது நல்லதா, கெட்டதா?"

இரவு மேல்கட்டிலில் படுத்து யோசித்தேன்.
இரண்டுக்கும் நட்டநடுவில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று,
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.
அப்படியென்றால்
என் எண்ணோடு வெறும் முப்பத்தாறைக் கூட்டினால்
முழு வர்க்கம்.
கீழிருந்து ஏறாமல்
மேலிருந்து இறங்கியிருந்தால்
முதல் படியிலேயே கதவு.
ஒரு அட்டை போதும். அரை அட்டை.
இரண்டு கோடை!
சிரிப்பை அடக்க முடியவில்லை,
கட்டில் குலுங்கி,
கீழிருந்து மீரான் காலால் உதைத்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கழுத்திலிருந்து தன் பாஸைக் கழற்றி நீட்டினான்.
"என்னோடதையும் பாரேன்."
வாங்கிப் பார்த்தேன்.
கடைசி இலக்கம் நான்கு.

மணி பன்னிரண்டேகால்.
தொட்டிகளுக்கு மேலே காற்று நெளிந்தது.
பாஸைத் திருப்பிப் பார்த்தேன், மறுபடி முன்பக்கம் பார்த்தேன்.
"கஷ்டமான நம்பர் மாதிரி இருக்கு" என்றேன்.
"கொஞ்ச நாளாகும்."